ஆத்தங்கரை காவலுக்கு நிக்கிற நம்ம பசங்களுக்கு பாராட்டு விழா நடத்தறது எப்படி

சேலத்துல ஏதுடா கடலு, இங்க எதுக்கு உயிர் காக்கற டீமுன்னு வெளியூர் ஆளுங்க சிரிப்பாங்க. கடல் இல்லாட்டி என்னங்க, மேட்டூர்ல டேம் இருக்கு, அங்கிருந்து எறங்கி பூலாம்பட்டி, கல்வடங்கம்னு காவிரி போகுது, காட்டுக்குக் காடு எம்பதடி நூறடிக் கெணறு இருக்கு, கல்லு ஒடச்சுட்டு அப்படியே விட்டுட்டுப் போன குவாரிக் குழில மழைத்தண்ணி நிக்குது, ஸ்கூல் லீவு விட்டா போதும் பசங்க எங்கயாவது போயி குதிச்சிருவாங்க. அதனால எங்க பக்கம் ஒரு அறுபது பேர் சேர்ந்து டீமா ஓடிட்டு இருக்கோம், வெள்ளிப் பட்டறைல வேலை செய்யறவங்க, தறி ஓட்டறவங்க, காலேஜ் பசங்க, ரெண்டு பரிசல்காரங்க, ஒரு ரிட்டையர்டு டீச்சர். ஆடிப்பதினெட்டுக்கு படித்துறைல நிக்கறது, சித்திரை வைகாசில புள்ளைங்களுக்கு சொரப்புருடை, அதான் மெதக்கற காஞ்ச சொரக்காய், கட்டி கெணத்துல நீச்சல் சொல்லிக் குடுக்கறது, இது தான் வேலை. யாருக்கும் பத்து பைசா சம்பளம் கெடையாது. இந்த மாதிரி டீம் வெச்சிருக்கவங்க வருஷம் ஒரு தடவையாவது எல்லாரையும் உக்கார வெச்சு பாராட்டணும்னு நெனைப்பீங்க, அதை உருப்படியா எப்படி செய்யறதுன்னு நாங்க சொதப்பிச் சொதப்பி கத்துக்கிட்டத சொல்றேன்.

மொதல் வருஷம் சொதப்புனத சொல்லிடறேன், அது தெரியாம மத்தது புரியாது. பெரிய மண்டபம், வாசல்ல பிளெக்ஸு, அதுல சிறப்பு விருந்தினர் போட்டோ ஆள் ஒசரத்துக்கு, எங்க ஆளுங்க போட்டோ கீழ ஓரமா தபால் தலை சைஸ்ல. 10 மணி விழாவுக்கு விருந்தினர் வந்தது 12.15க்கு. வந்த உடனே பொன்னாடை, அவரு கூட வந்தவருக்கு பொன்னாடை, அவரு டிரைவர் மட்டும் தான் பாக்கி. பேச்சு முக்கால் மணி நேரம், அதுல தண்ணி பத்தி ஒரு வார்த்தை இல்ல. கடைசில நேரம் ஆயிருச்சுன்னு "வாலண்டியர்ஸ் எல்லாரும் மேடைக்கு வாங்க, ஒரு குரூப் போட்டோ எடுத்துக்கலாம்"னு முடிச்சுட்டாங்க. அந்த வருஷம் ஆடில சுழில மாட்டின ஒரு பையன லாரி டியூபு வீசி கரைக்கு இழுத்தது எங்க டீம் தம்பி ஒருத்தன். குரூப் போட்டோ எடுக்கறப்ப அவன் எங்க இருந்தான் தெரியுங்களா, பந்திக்கு வாட்டர் கேன் தூக்கிட்டு இருந்தான். அவங்கம்மா பட்டுச்சேலை கட்டிட்டு மூணாவது வரிசைல உக்காந்து மகன் பேரு எப்ப வரும்னு பாத்துட்டே இருந்தாங்க. சாப்பிட்டுட்டு போறப்ப என்கிட்ட வந்து "நல்லா இருந்துச்சு சாமி விழா"ன்னாங்க பாருங்க, அன்னிக்கு எனக்கு சோறு எறங்கல.

அதுக்கு அடுத்த வருஷம் என் தம்பியப் பாக்க சிட்னி போயிருந்தேன். அங்க கடற்கரைக்கு ஒரு சர்ஃப் லைஃப்சேவிங் கிளப் இருக்கு, 1907லயே ஆரம்பிச்ச பழக்கம், சனி ஞாயிறு ஆனா சாதாரண ஆபீஸ் போற ஜனங்க தான் வந்து சிவப்பு மஞ்சள் கொடி நட்டு அதுக்கு நடுவுல தான் குளிக்கணும்னு காவல் நிப்பாங்க, காசு கெடையாது. சும்மா யாரும் போயி நிக்கவும் முடியாது, 1910ல இருந்து வெண்கல மெடல் பரீட்சைன்னு ஒன்னு இருக்கு, இப்ப அதுக்கு 400 மீட்டர 9 நிமிஷத்துக்குள்ள நீந்தணும், அது பாஸ் பண்ணா தான் காவலுக்கு விடுவாங்க. நான் போன நேரம் ஏப்ரல்ல சீசன் முடிஞ்சு அவங்க விழா. தம்பி பொண்ணு அங்க குட்டிப் பசங்க பிரிவுல இருக்கா, அதனால எனக்கும் ஒரு சேர் கெடச்சுது. என்ன பெரிய ஆச்சரியம்னா மேடைல ஒருத்தர் ஒரு பேப்பர வெச்சுக்கிட்டு பேரும் மணிக்கணக்கும் படிக்கறாரு, இன்னார் இந்த சீசன்ல கரையில நின்னது இத்தன மணி நேரம், கைதட்டு, அடுத்த ஆளு. காப்பாத்துன கதை ரெண்டோ மூணோ தான். அன்னிக்கு ராத்திரி ரொம்ப அதிகமா விசில் பறந்தது யாருக்குன்னு கேளுங்க, வருஷக்கணக்கா ஞாயித்துக்கெழம காலைல அடுப்பு பத்த வெச்சு சாசேஜ் சுட்டு வித்து கிளப்புக்கு காசு சேத்த ஒரு பாட்டிக்கு.

அப்பத் தான் மண்டைல ஒறச்சுது. நாம பாராட்டறதுக்கு நம்மகிட்ட விஷயமே இல்லாம இருந்திருக்கு. யாரு எத்தன நாளு வந்தாங்க, எத்தன மணி நேரம் நின்னாங்கன்னு யாருக்கும் தெரியாது, அப்ப மேடைல என்னத்த சொல்றது, "தன்னலமற்ற சேவை"ன்னு பொத்தாம் பொதுவா தான் சொல்லணும். அதனால விழாவோட மொத வேலை மண்டபம் பாக்கறது இல்லீங்க, ஒரு வருஷம் முன்னாடி நோட்டு போடறது.

நோட்டுன்னா நோட்டு தான், லாங் சைஸ் 192 பக்கம், அட்டை போட்டு பாலிதீன் கவர்ல வெச்சு படித்துறை டீக்கடைல குடுத்து வெச்சிருங்க. வாட்ஸ்அப் குரூப்ல கட்டைவிரல் போட்டா அட்டெண்டன்ஸ்னு நாங்களும் பாத்தோம், ஒருத்தன் வீட்ல படுத்துக்கிட்டே கட்டைவிரல் போடறான், இன்னொருத்தன் விடிகாலை 5 மணிக்கே வந்து நிக்கறான் அவன்கிட்ட பட்டன் போன் தான். நோட்டுல என்ன எழுதணும்னா தேதி, எடம், வந்த நேரம், போன நேரம், கையெழுத்து, அப்பறம் ஒரு பெரிய கட்டம் "என்ன நடந்துச்சு"ன்னு. இந்தக் கட்டம் தான் உசுரு. அதுல "ஒன்னும் நடக்கல"ன்னு எழுத விடாதீங்க. ஒன்னும் நடக்காம இருந்ததுக்கு யாரு என்ன செஞ்சாங்கன்னு எழுதச் சொல்லுங்க. எங்க நோட்டுல ஒரு வரி இப்படி இருக்கு: "குடிச்சுட்டு வந்த நாலு பேர ஆத்துல எறங்க விடல, திட்டுனாங்க, ஒரு மணி நேரம் பேசி டீ வாங்கிக் குடுத்து பஸ் ஏத்தி விட்டாச்சு." இதை எழுதுனது ஒரு காலேஜ் பொண்ணு. இதுக்கு என்ன மெடல் குடுத்தாலும் தகும். நோட்டு பொறுப்ப யாருகிட்ட குடுக்கறதுன்னா, டீம்லயே ரொம்ப கறாரான ஆளுகிட்ட, எங்களுக்கு டீச்சரம்மா. மாசக் கடைசில அவங்க ஒக்காந்து கூட்டி பேருக்கு நேரா மணிக்கணக்கு போட்டு குரூப்ல போட்டோ போட்டுருவாங்க. தப்பு இருந்தா அப்பவே சண்டை போட்டு தீத்துக்கலாம், விழா அன்னிக்கு மேடைக்கு கீழ சண்டை வராது.

சும்மா நிக்கறதுக்கு எதுக்கு இவ்வளவு மரியாதைன்னு எங்க டீம்லயே கேட்டாங்க. நான் அவங்களுக்கு சிட்னில கேட்ட ஒரு கதையத் தான் சொன்னேன். 1938 பிப்ரவரி 6, ஞாயித்துக்கெழமை, போண்டைன்னு ஒரு பீச், கூட்டம் அலமோதுது, திடீர்னு பெரிய பெரிய அலையா வரிசையா வந்து மணல்திட்டுல நின்னுட்டு இருந்த ஜனத்த அப்படியே ஆழத்துக்கு இழுத்துட்டுப் போயிருச்சு. 250 பேர் பக்கம் தண்ணில தத்தளிக்கறாங்க. அந்த நேரம் கிளப் ஆளுங்க நெறைய பேர் கரைல இருந்தாங்க, ரோலுல சுத்துன கயிற இழுத்துட்டு ஓடுனாங்க, செத்தது 5 பேர். மத்த எல்லாரும் கரைக்கு வந்துட்டாங்க. அந்தக் கயிறும் அந்த ஆளுங்களும் அன்னிக்கு காலைல "இன்னிக்கி என்ன ஆகப்போகுது"ன்னு வீட்ல இருந்திருந்தா? மேட்டூர்ல தண்ணி 120 அடி தொட்டு 16 கண் மதகு தொறந்தாங்கன்னு வைங்க, நேத்து முட்டி வரைக்கும் இருந்த படித்துறைல இன்னிக்கு இடுப்புக்கு மேல ஓடும். அன்னிக்கு நிக்கறவனுக்கும் இதே கணக்கு தான்.

சரி, யாருக்கு விருது. ரொம்ப பிரிவு வைக்காதீங்க, சிறந்த இது சிறந்த அதுன்னு இருவது ஷீல்டு வாங்குனா ஷீல்டுக்கு மதிப்பு இல்ல. எல்லாருக்கும் பேரும் மணிக்கணக்கும் சொல்லி ஒரே மாதிரி ஒரு பரிசு, அதுக்கு மேல தனியா மூணே மூணு பேருக்கு. அந்த மூணு பேர யாரு முடிவு பண்றதுன்னா கமிட்டிக்குள்ள ரூம் போட்டு பேசாதீங்க, சீட்டு எழுதிப் போடச் சொல்லுங்க, ஆனா பேரு மட்டும் எழுதுனா செல்லாது, ஏன்னு ஒரு சம்பவமும் எழுதணும். பேரு மட்டும்னா சொந்தக்காரன் பேரு வரும், சம்பவம் எழுதணும்னா உண்மை வரும்.

இதுல ஒரு எடத்துல மட்டும் நான் பிடிவாதமா இருப்பேன். தண்ணில குதிச்சவனுக்கு மட்டும் மெடல் குடுக்காதீங்க. குடுத்தீங்கன்னா அடுத்த ஆடிக்கு பதினெட்டு வயசுப் பய ஒவ்வொருத்தனும் மெடலுக்காக குதிப்பான், காப்பாத்தப் போனவனும் சேர்ந்து முழுகறது தான் நம்ம ஊர் பேப்பர்ல வாராவாரம் படிக்கறமே. நாங்க சொல்லிக் குடுக்கறது மொதல்ல கம்போ துண்டோ நீட்டு, எட்டலைன்னா கயிறோ டியூபோ காலி கேனோ வீசு, எறங்கறது கடைசி, அதுவும் பழகுன ஆளு, இடுப்புல கயிறு கட்டிட்டு. அப்ப விருதும் அந்த வரிசைல தான் போகணும். 2020ல பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்துல பசங்க நாலு பேர் முழுகுனப்ப கரைல நின்ன மூணு பெண்கள் கட்டியிருந்த சேலையவே அவுத்து வீசி ரெண்டு பேர இழுத்துப் போட்டாங்க, ஞாபகம் இருக்குங்களா, அந்த வருஷமே சுதந்திர தினத்துக்கு அவங்களுக்கு கல்பனா சாவ்லா விருது குடுத்தாங்க. சேலைய வீசுனாங்க. இந்தக் கதைய ஒவ்வொரு வருஷமும் எங்க மேடைல ஒரு ரெண்டு நிமிஷம் சொல்லிருவோம், பொம்பளைங்க என்ன பண்ண முடியும்னு கேக்கற பெருசுங்க அதுக்கப்பறம் வாயத் தொறக்கறதில்ல.

பொம்பளைங்கன்ன ஒடனே இன்னொன்னு. ஆடிப்பதினெட்டு அன்னிக்கு அறுபது பேருக்கும் புளிசோறும் தயிர்சோறும் கட்டிக் குடுக்கறது எங்க தெரு அக்காங்க, ராத்திரி 2 மணிக்கே எந்திரிப்பாங்க. நோட்டுல அவங்க மணிக்கணக்கும் ஏறணும். ஆஸ்திரேலியாவுலயே 1980 வரைக்கும் பெண்கள முழு உறுப்பினரா காவலுக்கு விடல, காசு சேக்க, சமைக்க மட்டும் தான் வெச்சிருந்தாங்களாம், அவங்களே மாறிட்டாங்க. எங்க டீம்ல இப்ப சமைக்கற அக்கா ஒருத்தங்க மகளே விசில் மாட்டிட்டு படித்துறைல நிக்குது, அம்மாவும் மகளும் ஒரே மேடைல வாங்குனது போன வருஷம்.

மேடைல என்ன படிக்கறதுங்கறது தான் விழாவே. சர்டிபிகேட்டுல "தங்களது ஈடு இணையற்ற அர்ப்பணிப்பைப் பாராட்டி"ன்னு அச்சடிச்சு பேர் மட்டும் பேனால எழுதுறது வேண்டாம், அது யாருக்கு வேணா பொருந்தும். ஆளுக்கு மூணு வரி, நோட்டுல இருந்து எடுத்து, பேச்சு மொழிலயே. எங்க பரிசல்கார அய்யாவுக்கு நாங்க படிச்சது இது: "அய்யா இந்த வருஷம் 212 மணி நேரம் ஆத்துல இருந்தாரு. ஆடிப்பதினெட்டு அன்னிக்கு காலைல ஆறு மணிக்கு பரிசல எறக்குனவரு மத்தியானம் மூணு மணிக்குத் தான் கரை ஏறுனாரு, நடுவுல ஒரு தடவை வெத்தலைக்கு மட்டும் கை நீட்டுனாரு. மூணாவது படிக்கு அந்தப் பக்கம் சுழி இருக்குன்னு மொதல்ல காட்டுனதும் அவரு தான், இப்ப அங்க கட்டியிருக்கற கயிறு அவரு கட்டுனது." அவ்வளவு தான். மண்டபம் ஒரு செகண்ட் அமைதி ஆயி அப்பறம் கைதட்டுச்சு. அய்யா மைக்க வாங்கி ஏதாவது பேசுவாருன்னு பாத்தா "வெத்தலை கொண்டு வந்து குடுத்தது இந்தப் பொடியன்"னு மொதல் வரிசைல இருந்த ஒரு பையனக் கை காட்டிட்டு எறங்கிட்டாரு.

இதை எழுத நேரம் ஆகும், அறுபது பேருக்கு மூணு வரின்னா நாலு ராத்திரி. ரெண்டு பேரா உக்காருங்க, ஒருத்தர் நோட்டப் படிக்க ஒருத்தர் எழுத. படிக்கறவரு குரல் நல்லா இருக்கணும், பேர தப்பா படிக்கக் கூடாது, இனிஷியலோட ஒரு தடவ அவங்கவங்ககிட்ட கேட்டு சரி பாத்துக்கோங்க. காப்பாத்துன கதைய படிக்கறப்ப கொஞ்சம் கூட மிகைப்படுத்தாதீங்க, கூட நின்ன அம்பது பேருக்கு நடந்தது தெரியும்.

தேதி விஷயம். ஜூலை 25 உலக நீர்மூழ்கல் தடுப்பு தினம்னு 2021ல ஐநா சபை அறிவிச்சுது, பொருத்தமா இருக்கேன்னு நாங்க ஒரு வருஷம் அன்னிக்கே வெச்சோம், ஆனா அது ஆடி மாசம், ஆடிப்பதினெட்டுக்கு ஒரு வாரம் தான் இருக்கும், எவனுக்கும் விழா மூடு இல்ல, கயிறு வாங்கணும் டியூபுக்கு காத்தடிக்கணும்னு ஓட்டம். அன்னிக்கு ஒத்திகை வெச்சுக்கோங்க, அதான் சரி. ஆவணில முகூர்த்தம் ஜாஸ்தி, மண்டப வாடகை கேட்டா மயக்கம் வரும். புரட்டாசி தான் எங்க கணக்கு, கல்யாணம் கெடையாது, மண்டபம் காத்து வாங்கும், வாடகைல பேரம் பேசலாம். என்ன, கவிச்சி கெடையாது, பிரியாணி கோஷ்டி மொகத்த தூக்கி வெச்சுக்கும், அத சமாளிச்சுக்கலாம். டிசம்பர் 5 பன்னாட்டுத் தன்னார்வலர் தினம், அதுவும் நல்ல தேதி தான், ஆனா அதுக்குள்ள ஆடில நடந்தது பாதி மறந்துரும். ஞாயித்துக்கெழம காலை 10ல இருந்து 1 மணி வரைக்கும், அதுக்கு மேல ஒரு நிமிஷம் போகக் கூடாது.

விருந்தினர் வேண்டவே வேண்டாம்னு சொல்ல மாட்டேன், டீமுக்கு நாளைக்கு ஒரு கையெழுத்து வேணும்னா அவங்க தயவு வேணும். ஆனா கண்டிஷன் முன்னாடியே சொல்லிருங்க, அவங்க வராட்டியும் சொன்ன நேரத்துக்கு ஆரம்பிச்சுருவோம், பேச்சு அஞ்சு நிமிஷம், பொன்னாடை கெடையாது. கூப்பிடவே வேண்டியவங்க யாருன்னா தீயணைப்பு நிலையத்துக்காரங்க, 108 டிரைவர், படித்துறை டீக்கடைக்காரர். எங்க மேடைல பரிச விருந்தினர் குடுக்கறதில்ல, போன வருஷம் வாங்குனவங்க இந்த வருஷத்து ஆளுக்கு குடுப்பாங்க. பிளெக்ஸுல யார் மொகமும் வேண்டாம், பேரு மட்டும், அகர வரிசைல. அகர வரிசைன்னா யாரும் சண்டைக்கு வர முடியாது பாருங்க.

பரிசுக்கு வரேன், இதுல நம்ம ஊருக்குன்னு ஒரு சௌகரியம் இருக்கு. பிளாஸ்டிக் ஷீல்டு வாங்காதீங்க, ரெண்டு வருஷத்துல டிவி மேல தூசி புடிச்சு தங்கக் கலர் உரிஞ்சு வரும். நாங்க ஆளுக்கு ஒரு எவர்சில்வர் சொம்பு, அதுல பேர் வெட்டி. பாத்திரக் கடைல பேர் வெட்டற அண்ணன் ஒருத்தரு, ஸ்டூல் போட்டு உக்காந்து சொம்ப மடில கவுத்து வெச்சுக்கிட்டு அந்த குட்டி மிஷின பேனா மாதிரி புடிச்சு டர்ர்ருன்னு எழுத்து எழுத்தா வெட்டுவாரு, புள்ளி புள்ளியா வெள்ளையா விழும். அவருகிட்ட பேரு, வருஷம், மணிக்கணக்கு எழுதுன லிஸ்ட தெளிவா பெரிய எழுத்துல குடுங்க, போன்ல சொன்னா "ழ" போயி "ல" ஆயிரும், வெட்டுனது வெட்டுனது தான் அழிக்க முடியாது. எங்களுக்கு ஒரு தடவ "தமிழரசு" "தமிலரசு" ஆயிட்டாரு, மனுஷன் இன்னமும் அந்த சொம்புல தான் தண்ணி குடிக்கறாரு, கேட்டா வாங்குன நாளு ஞாபகம் இருக்கும்ல அப்படிங்கறாரு. லிஸ்ட்ட ரெண்டு வாரம் முன்னாடியே குடுத்துருங்க. அம்பது அறுபது சொம்புன்னா மொத்த வெல தான் கேக்கணும்.

தனியா அந்த மூணு பேருக்கு வெள்ளி. செவ்வாய்பேட்டை, பனங்காடுன்னு கொலுசுப் பட்டறை இருக்கற ஊருல இருந்துட்டு வெளிய எதுக்கு மெடல் வாங்கணும், எங்க டீம் பசங்களே பட்டறைல தான் இருக்காங்க. வெள்ளி வெல இப்ப இருக்கற இருப்புக்கு பெருசா பண்ண முடியாது, சின்னதா ஒரு விசில் மாதிரி டாலர், பின்னாடி தேதி. அதை செஞ்ச தம்பி கூலி வேண்டாம்னுட்டான், அவன் பட்டறைல ஒக்காந்த நேரத்தையும் டீச்சரம்மா நோட்டுல ஏத்திட்டாங்க. சால்வைக்கு பதிலா துண்டு போடறோம், நல்ல கைத்தறித் துண்டு, முழுகறவனுக்கு நீட்டறதுக்கும் ஆகும்னு ஒருத்தர் சொன்னாரு, நகைச்சுவை தான், ஆனா உண்மையும் தானே.

கொஞ்சம் கஷ்டமான விஷயம் இது, அவசரப்படாம படிங்க. காப்பாத்தப்பட்டவங்கள மேடைக்கு கூப்பிடலாமான்னு எல்லாரும் கேப்பாங்க, பாக்க நல்லா இருக்கும், போட்டோ பேப்பர்ல வரும். கூப்பிடறதுக்கு முன்னாடி வீட்டுக்கே போயி கேளுங்க, அவங்களுக்கு விருப்பம் இல்லைன்னா ஒரு வார்த்தை கூட அழுத்தக் கூடாது. சின்னப் பையன்னா அவன்கிட்டயும் கேக்கணும். ஒரு பையன் வந்தான், மேடைல ஏத்தல, அவனே டியூபு வீசுன அண்ணன் பக்கத்துல போயி சாப்பாட்டுல உக்காந்துக்கிட்டான், அதுக்கு மேல என்ன வேணும். காப்பாத்தறப்ப எவனோ எடுத்த வீடியோவ எக்காரணம் கொண்டும் திரைல போடாதீங்க. பயந்து போன மொகத்த ஊருக்கு காட்ட நமக்கு உரிமை இல்ல.

எல்லாரையும் காப்பாத்திர முடியாது. உலகத்துல 2021ல மட்டும் மூணு லட்சம் பேர் பக்கம் தண்ணில செத்துப் போயிருக்காங்கன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது. நம்ம ஆத்துலயும் ஒரு வருஷம் உசுரோட எடுக்க முடியாம ஒடம்பத் தான் எடுத்தாங்க எங்க ஆளுங்க, மூணு பேரு, பாதாளக் கரண்டி போட்டு ராத்திரி முழுக்க தேடி. அந்த மூணு பேர மேடைல கூப்பிட்டு கைதட்ட வெக்கறது தப்புன்னு எங்களுக்கு தோணுச்சு. ஆனா ஒன்னும் சொல்லாம விடறதும் தப்பு தானே, அந்த ராத்திரிக்கு அப்பறம் அதுல ஒருத்தன் ரெண்டு மாசம் ஆத்துப் பக்கமே வரல. அதனால விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் டீம் ஆளுங்க மட்டும் படித்துறைல கூடறோம், பேர் சொல்றதில்ல, கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருப்போம், பெரியவரு ஒருத்தரு விளக்கேத்தி ஆத்துல விடுவாரு, அப்பறம் அந்த மூணு பேருக்கு சொம்ப கையில குடுத்து எல்லாரும் ஒரு தடவ தோளத் தொட்டுட்டு டீ குடிச்சுட்டு வந்துருவோம். இது போட்டோ எடுக்கற நிகழ்ச்சி இல்ல, போனையெல்லாம் பைக்ல வெச்சுட்டு வரச் சொல்லுவோம்.

சாப்பாடு சுருக்கமா: எலை போட்டு சாம்பார், ரசம், ஒரு பாயாசம், போதும். அதை விட ஒரு ஐடியா, தட்டுவடை செட் போடற அண்ணன ஒருத்தர மண்டப வாசல்ல வண்டி போடச் சொல்லுங்க. தட்டுவடை மேல பச்சை சட்னி, பீட்ரூட் கேரட் துருவல், செவப்பு சட்னி, மேல இன்னொரு தட்டுவடைன்னு அவரு கை ஓடற வேகத்த பாக்கவே புள்ளைங்க சுத்தி நின்னுரும், உள்ள பெருசுங்க நிம்மதியா விழாவ கேக்கலாம். பந்தி பரிமாற்றது, சேர் அடுக்கறது, வாட்டர் கேன் தூக்கறது இது எதுவுமே டீம் ஆளுங்க செய்யக் கூடாது, அது மட்டும் சட்டம். எங்க ஆளுங்களுக்கு கை சும்மா இருக்காது, எந்திரிச்சு போயி கேனத் தூக்கப் பாப்பாங்க, உக்கார வெக்கறதுக்குன்னே ரெண்டு பேர் போடணும். சேர் அடுக்க காப்பாத்தப்பட்ட குடும்பத்து ஆளுங்களே வந்துட்டாங்க ஒரு வருஷம், நாங்க கேக்கல.

காசு எங்கிருந்துன்னா, எங்களுக்கு மெயின் செலவு சொம்பும் சாப்பாடும் தான். ஒரே ஆளுகிட்ட பெருசா வாங்காதீங்க, வாங்குனா அவரு போட்டோ பிளெக்ஸுக்கு வரும். தெருத் தெருவா நூறு எரநூறுன்னு ரசீது போட்டு வாங்குங்க, கணக்க விழா முடிஞ்ச வாரமே குரூப்ல போட்டுருங்க.

அரசாங்க விருதையும் விட்டுறாதீங்க, நம்ம ஆளுங்க கூச்சப்பட்டே விட்டுருவாங்க. உசுரக் காப்பாத்துனவங்களுக்கு மத்திய அரசு குடுக்கற ஜீவன் ரக்ஷா பதக் 1961ல இருந்து இருக்கு, மூணு தரம், தண்ணில முழுகறவங்கள காப்பாத்துனதும் அதுல வரும். மாநில அரசோட வீர தீரச் செயலுக்கான அண்ணா பதக்கம் ஒவ்வொரு குடியரசு தினத்துக்கும் குடுக்கறாங்க. பெண்களுக்கு ஆகஸ்ட் 15ல கல்பனா சாவ்லா விருது. கலெக்டர் ஆபீஸ் வழியா தான் போகணும், கேக்கறது என்னன்னா எப்ப, எங்க, எத்தன மணிக்கு, யாரு பாத்தாங்க, ஸ்டேஷன்ல பதிவு இருக்கா, பேப்பர் செய்தி இருக்கா. சம்பவம் நடந்து ஆறு மாசம் கழிச்சு இதையெல்லாம் தேடுனா ஒன்னும் சிக்காது. அந்த லாரி டியூபு தம்பிக்கு நாங்க எழுதிப் போட முடியாம போனதே இதனால தான், அப்ப நோட்டே இல்ல, தேதிய கூட ஆளுக்கு ஒன்னு சொன்னாங்க. இப்பல்லாம் சம்பவம் நடந்த அன்னிக்கே ரெண்டு சாட்சி கையெழுத்த நோட்டுல வாங்கிருவோம்.

விழா முடிஞ்ச அடுத்த வாரம் முடிஞ்சா டீமோட ஏற்காடு ஒரு நாள் போயிட்டு வாங்க, இது கட்டாயம் இல்ல, எங்க பழக்கம். மே மாசம் மலர்க் கண்காட்சி நேரத்துல போனீங்கன்னா 20 கொண்டை ஊசி வளைவுலயும் வண்டி வரிசைல நிப்பீங்க, புரட்டாசில மலை பச்சையா ஆளில்லாம இருக்கும். போறப்ப அடிவாரம் வழி, வர்றப்ப குப்பனூர் வழி. சேர்வராயன் கோயிலுக்கு மேல போயிட்டு கீழ எறங்கி ஏரில போட்டுல உக்காந்தோம், லைஃப் ஜாக்கெட் போடாம யாரையும் ஏத்தாதீங்கன்னு எங்க ஆளுங்க போட்டுக்காரர்கிட்டயே போயி நிக்கறாங்க, அவரு "அண்ணே நீங்க டூரிஸ்ட்டா இன்ஸ்பெக்டரா"ன்னு கேட்டுட்டாரு. லீவுன்னு கூட்டிட்டுப் போனாலும் தண்ணியப் பாத்தா டியூட்டி ஆரம்பிச்சுருதுங்க இவங்களுக்கு.

கடைசியா ஒன்னு, விழாவுக்கு வராதவங்க சொம்பு மேசைல மிச்சம் நிக்கும். அதை பீரோல வெச்சு பூட்டிறாதீங்க. வராதவங்கள்ல பாதிப் பேரு நைட் ஷிப்ட் முடிச்சு தூங்கறவங்க, ஒன்னு ரெண்டு பேரு அன்னிக்கும் படித்துறைல ஆளு வேணுமேன்னு தானா போயி நின்னவங்க. போன வருஷம் அப்படி ஒருத்தர் பேர கூப்பிட்டப்ப ஆளே இல்ல, விழா முடிஞ்சு நாங்க நாலு பேர் வண்டில போயி பாத்தா பூலாம்பட்டில விசில் வாயில வெச்சுக்கிட்டு நின்னுட்டு இருக்காரு. அங்கயே அவருக்குன்னு எழுதுன மூணு வரிய படிச்சோம், துணி தொவச்சுட்டு இருந்த அம்மாங்க நாலு பேர் கைதட்டுனாங்க. சொம்ப வாங்கி குனிஞ்சு ஆத்துத் தண்ணிய மொண்டு மொகத்துல அடிச்சுக்கிட்டு, நோட்டுல நேரம் 3.40ன்னு எழுதிட்டியான்னு கேட்டாரு.